ஒரே உயரம், ஒரே அகலம், வேறே வயிறு

போன வாரம் மாமனார் தூக்கி எறிந்த கணினி, மாடி ஜன்னல் வழியாகப் போய், ஆஸ்பத்திரி கட்டுகிற பெரிய மனிதரின் கார்க் கூரைமேல் உட்கார்ந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். உட்கார்ந்த பிறகும் அது அந்த வரைபடக் கோப்பைத் திறந்துகொண்டேதான் இருந்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அவ்வளவு கனம் அந்தக் கோப்பு. திறக்கச் சொல்லிவிட்டு முகச் சவரம் செய்துகொண்டு வரலாம். தாடி அடர்த்தியானவர்கள் கூட அவசரப்பட வேண்டியதில்லை.

கனத்துக்குக் காரணம் கதவுகள்.

அது கதவுக் குடும்பம். மேலே மாடியில் வரைவார்கள், கீழே பட்டறையில் செய்வார்கள். வரைபட மென்பொருளில் ஒரு கேட்டலாக் உண்டு. அதில் ஒவ்வொரு வகைக் கதவுக்கும் ஒரு வரி. உயரம், அகலம், கனம், நிறம், எத்தனை நேரம் தீயைத் தாங்கும், உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று வரிசையாகக் கட்டங்கள். வேண்டிய கதவை அதிலிருந்து எடுத்துச் சுவரில் வைத்தால், படத்திலும் உட்காரும், பட்டறைக்கு, எதை வெட்டி எதை அடைப்பது என்று சொல்லும் கட்டிங் ஷீட்டும் அச்சாகி இறங்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த வீட்டில் ஒருவன் பல் தேய்த்த தண்ணீரை இன்னொருவன் நம்ப மாட்டான். அண்ணன் வரைந்த கதவைத் தம்பி தொட மாட்டான். அப்படியே நகல் எடுத்து, முன்னால் தன் பெயரை ஒட்டி, தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்வான். அதை அண்ணன் திரும்ப நகல் எடுப்பான். கதவுகள் முயல் குட்டி போடுவதுபோலப் பெருகின. உண்மையில் இருந்தவை ஒரு கைப்பிடி அளவு. கேட்டலாக்கில் இருந்தவையோ, வரிசையாக நிறுத்தினால் கடல் வரை போய்க் கால் நனைத்துவிட்டுத் திரும்பும்.

இதைக் கட்டி மேய்க்கிற வேலை வீட்டோடு வந்த மாப்பிள்ளைக்கு. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு யாரும் அதைப் பயன்படுத்தாததால் துருப்பிடித்துவிட்டது. தபால்காரர்கூட ‘மாப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார்.

கணினி பறந்த மறுநாளே மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். எல்லாக் கட்டங்களும் ஒத்துப்போகிற கதவுகளைத் தேடிப் பிடித்து ஒன்றாக்கச் சொல்லி மென்பொருளை ஏவினார். அது மேய்ந்து முடித்தபோது கேட்டலாக் இளைத்துப்போய், கல்யாணத்துக்கு முந்தைய மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

ஒரே ஒரு கட்டத்தை மட்டும் அவர் ஒப்பிடச் சொல்லவில்லை. ‘உள்ளே என்ன’ என்ற கட்டம். ஏன் என்று கேட்டால், அந்தக் கட்டத்தில் அண்ணன் தம்பி மச்சான்கள் இருவரும் பல வருஷமாகச் சண்டை போட்டு வந்தார்கள். நேரில் பேச்சுவார்த்தை இல்லாத காலங்களில் அதுதான் அவர்களுக்குத் தபால் பெட்டி. உள்ளே என்ன என்ற இடத்தில் ‘உன் மூளை மாதிரி காலி’ என்று ஒருவன் எழுதியிருப்பான். ‘உன் மண்டையில இருக்கிற களிமண்’ என்று மற்றவன் பதில் எழுதியிருப்பான். சிலவற்றைப் பெண்கள் இருக்கிற வீட்டில் திறக்கவே முடியாது. ஒப்பிட்டால் ஒன்றும் ஒத்துப்போகாது. ஆகவே மாப்பிள்ளை கண்ணியமாக அந்தக் கட்டத்தை மட்டும் ஒதுக்கிவிட்டார்.

இப்போது அன்றைய காலைக்கு வருவோம். தீச் சோதனை நாள்.

*

மாப்பிள்ளை கோப்பைத் திறந்தார். கொட்டாவி விடுவதற்குள் திறந்துவிட்டது. பெருமையில் அவர் அந்தக் கொட்டாவியை நிறுத்தி வைத்து, மறுபடி மூடி, மறுபடி திறந்து பார்த்தார்.

அப்போது பஞ்சு மச்சான் உள்ளே வந்தார். சின்ன மைத்துனர். ஓட்டல் அறைகளுக்கு அலமாரிக் கதவு வரைகிறவர். வெளியே பளபளப்பான தகடு, உள்ளே தேன்கூடு மாதிரி மடித்த அட்டை. ஒரு விரலால் தூக்கலாம். பஞ்சு என்ற பெயர் அதனால் வந்தது. மூக்கில் கட்டு இருந்தது. போன வாரம் அண்ணன் கீல் ஒன்றை மூக்கின்மேல் பொருத்திப் பார்த்ததன் மிச்சம்.

“மாப்பிள்ளே, என் அலமாரிக் கதவு எங்க?”

“எந்த அலமாரி, மச்சான்?”

“ஓட்டலுக்குப் போட்டது. கேட்டலாக்குல தேடறேன், காணோம்.”

“ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒண்ணாக்கிட்டேன். எங்கயும் போயிருக்காது. இருங்க.”

சொல்லி முடிப்பதற்குள் மச்சான் மாப்பிள்ளையின் காதைப் பிடித்துத் திருகத் தொடங்கிவிட்டார். அந்த வீட்டில் அது ஒரு நிறுத்தற்குறி மாதிரி. வலியோடேயே மாப்பிள்ளை தேடினார். எது எதனோடு கலந்தது என்று மென்பொருள் சொன்னது.

மச்சானின் அலமாரிக் கதவு, பாப்பாவின் தீக் கதவோடு கலந்திருந்தது.

பாப்பா என்பது மாப்பிள்ளையின் மனைவி. அண்ணன்மார்களுக்குக் கடைக்குட்டி என்பதால் பாப்பா. அந்தப் பாப்பா ஒருமுறை அறைந்து லிஃப்ட் ஒரு மாடி இறங்கியிருக்கிறது. அந்த வீட்டிலேயே ஒழுங்காகக் கதவு வரையத் தெரிந்தவள் அவள்தான். ஆஸ்பத்திரிக்கு அவள் போட்ட தீக் கதவின் உள்ளே அழுத்திய கனிமப் பலகை. ஒன்றரை மணி நேரம் தீயைத் தாங்கும்.

“ரெண்டும் எப்படி மச்சான் கலக்கும்? அலமாரிக் கதவு தீயைத் தாங்காதே.”

பஞ்சு மச்சான் காதை விட்டார். “தாங்காதுதான்.”

“தீக் கட்டத்துல ஒன்றரை மணி நேரம்னு போட்டிருக்கீங்க.”

“அது பாப்பா கதவோட நகல்டா. உள்ள இருக்கிறத மட்டும் மாத்தினேன். மத்ததெல்லாம் அவ போட்டது. அலமாரிக்கு எவன் தீ வைக்கப் போறான்?”

ஒரே உயரம். ஒரே அகலம். ஒரே நிறம். கலந்த கதவுக்குப் பெயர் மட்டும் பாப்பாவுடையது. ‘உள்ளே என்ன’ கட்டத்தில் எழுதியிருந்தது: ‘தேன்கூட்டு அட்டை, அண்ணன் நெஞ்சு மாதிரி’.

அந்தக் கதவின் கட்டிங் ஷீட் போன வாரமே பட்டறைக்கு இறங்கிவிட்டது. கதவு செய்தாகிவிட்டது. இன்று காலை உலையின் வாயில் அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் அந்தக் குடும்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாமனார் போட்ட சட்டம் அது. கதவு வரைந்தவர், கதவு எரியும்போது அதன் பின்னால் நிற்க வேண்டும். உலைக்குப் பின்பக்கம் செங்கல்லால் ஒரு சின்ன அறை. வரைந்தவரை உள்ளே விட்டு, பின்புறம் வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுப் பூட்டி, சாவியை மாமனார் இடுப்பில் செருகிக்கொள்வார். முன்பக்கம் புதுக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் நெருப்பு. அதனால்தான் எங்கள் கதவை ஊர் நம்புகிறது என்பார் மாமனார். அவருடைய இரண்டு விரல் அப்படி ஒரு சோதனையில் போனதென்று சொல்வார். ரம்பத்தில் போனது என்று மாமியார் உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

“பாப்பா நிக்கறா,” என்றார் மாப்பிள்ளை. எழுந்தார்.

பஞ்சு மச்சான் அறைக் கதவுக்கு முன்னால் போய் மறித்து நின்றார்.

“மாப்பிள்ளே. போனா என்ன சொல்லுவே?”

“உள்ள இருக்கிறது அட்டைன்னு சொல்லுவேன்.”

“அப்புறம் அப்பா, ஓட்டல்ல மாட்டின கதவையெல்லாம் கேட்பாரு. ஒன்றரை மணி நேரம்னு போட்டு வித்திருக்கேன். என்னை உரிச்சு உப்பு தடவிருவாரு. முதல்ல கேட்டலாக்குலேர்ந்து அதை அழி. அப்புறம் போ.”

“உள்ள நிக்கறது உங்க தங்கச்சி, மச்சான்.”

“அழிக்க எவ்ளோ நேரம் ஆகப்போகுது? அழி.”

மாப்பிள்ளை அதுவரை யாரையும் அடித்ததில்லை. அடி வாங்குவதில் மட்டும் கை தேர்ந்தவர். அன்றைக்கு அவர் கை, அவரைக் கேட்காமலே கீபோர்டைத் தூக்கியது. முதல் அடி மச்சானின் மூக்குக் கட்டில் சரியாக விழுந்தது. எழுத்துப் பொத்தான்கள் பல் கொட்டுவதுபோல அறையெங்கும் கொட்டின. மச்சான் மாப்பிள்ளையின் வயிற்றில் தலையால் முட்டினார். இருவரும் கட்டிப் புரண்டு, அச்சு இயந்திரத்தின் மேல் விழுந்து, அதை அணைத்துக்கொண்டே படிக்கட்டுக்கு வந்து, படிக்கட்டு முழுக்க உருண்டார்கள். நடுவில் ஒரு வளைவு உண்டு. அங்கே கொஞ்சம் நின்று, யார் மேலே யார் கீழே என்று இடம் மாற்றிக்கொண்டு, மீதியும் உருண்டார்கள்.

கீழே வந்தபோது மாப்பிள்ளை மேலே இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. அதை அனுபவிக்க நேரமில்லை. மச்சானின் நெஞ்சில் கால் வைத்து ஏறி ஓடினார்.

*

பட்டறை முற்றத்தில் உலை உறுமிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்காரர் ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து, தலைக்கவசம் போட்டுக்கொண்டு, சினிமா பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். கணினி விழுந்த நாளிலிருந்து அவர் அந்த வீட்டுக்குள் தலைக்கவசம் இல்லாமல் வருவதில்லை. மாமனார் கையில் இரும்பு ஸ்கேலோடு பக்கத்தில் நின்றார். எரிவாயு வால்வைப் பிடித்துக்கொண்டு நின்றவர் உளி மச்சான். பெரியவர். பட்டறை முழுக்க அவர் பொறுப்பு. உடம்பு ஒரு பீரோ. பேச்சு ஒரு ஆணி.

“அணைங்க,” என்றார் மாப்பிள்ளை. மூச்சு வாங்கியது. “உலையை அணைங்க, மச்சான்.”

“இப்பத்தான் பத்த வெச்சோம்.”

“உள்ள அட்டை. பாப்பா கதவுல இருக்கிறது அட்டை. என்னால. நான் கேட்டலாக்கைச் சுத்தம் பண்ணப்போய் ரெண்டு கதவு கலந்துபோச்சு.”

உளி மச்சான் யோசித்தார். அவர் யோசிக்கும்போது தாடை அசையும்.

“ஆமா,” என்றார். “ஷீட்ல அட்டைன்னுதான் இருந்தது. அட்டைதான் வெச்சேன்.”

“தீக் கதவுக்கு அட்டையான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“போன தடவை சந்தேகம் கேட்டேன். என் வரைபடத்துல குத்தம் சொல்றியான்னு கேட்டு, இந்தப் பல்லைக் கழட்டிட்டா உன் பொண்டாட்டி.” வாயைத் திறந்து இடத்தைக் காட்டினார். “அதுலேர்ந்து ஷீட்ல பாறாங்கல்லுன்னு இருந்தா பாறாங்கல்லு வைப்பேன்.”

“அப்போ அணைங்க.”

உளி மச்சானின் கை வால்வுக்குப் போனது. மாமனாரின் ஸ்கேல் அந்தக் கையின் மேல் விழுந்தது.

மாமனார் மரியாதை தவறாதவர். மாப்பிள்ளையை அடிக்கும்போதும் ‘வாங்க, போங்க’ என்றுதான் அடிப்பார்.

“மாப்பிள்ளை, என்ன உளறீங்க? கதவை மாட்டறதுக்கு முன்னாடி இவரே தூக்கிப் பார்த்தாரு. என்ன சார்?”

“பிணம் கனம் கனத்தது,” என்றார் ஆஸ்பத்திரிக்காரர். தொழில் பழக்கம்.

“அட்டைக் கதவு கனக்குமா? பயந்துபோய் வந்து கதை விடறீங்க. உள்ள நிக்கறது என் பொண்ணு. அவ பயப்படல.”

மாப்பிள்ளைக்கு ஒரு கணம் குழம்பியது. அட்டை என்று செய்தவரே சொல்கிறார். கனம் என்று தூக்கியவர் சொல்கிறார். அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைத்தது கதவு. உலையின் பார்வைத் துளையில் தெரிந்த தகடு அப்பளம்போல உப்பியது. ஓரத்தில் ஒரு கீற்றுப் புகை, பிறகு ஒரு கற்றைப் புகை. அட்டை கருகும் வாசனை முற்றம் முழுக்கப் பரவியது.

மாப்பிள்ளை வால்வின்மேல் பாய்ந்தார். உளி மச்சானும் அதே நேரம் பாய்ந்தார். எதற்குப் பாய்ந்தார் என்று கேட்க மாப்பிள்ளைக்கு அவகாசம் இல்லை. தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்து முழங்கையை அவர் தொண்டையில் இறக்கினார். உளி மச்சான் அணைக்கத்தான் வந்தார். ஆனால் தொண்டையில் அடி வாங்கியவர்கள் காரணம் விசாரிப்பதில்லை. மாப்பிள்ளையை இடுப்போடு தூக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, மரத்தூள் குவியலுக்குக் குறிபார்த்து வீசினார். குறி தப்பி, கீல் போட்டு வைத்திருந்த பெட்டியில் போய் விழுந்தார் மாப்பிள்ளை. எழுந்தபோது இடது கண் மூடிக்கொண்டது.

இந்தச் சமயம் பார்த்துப் பஞ்சு மச்சான் முற்றத்துக்கு வந்து சேர்ந்தார். நெற்றியில் ஒரு கீபோர்டுப் பொத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, அது என் கதவு,” என்றார். தங்கையின் கதவிலிருந்து வரும் புகையைப் பார்த்ததும் ஓட்டலெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. “மாப்பிள்ளை சொல்றது நெஜம். அது என் அலமாரிக் கதவு.”

“உன் கதவா?” என்றார் உளி மச்சான். “என் நெஞ்சு மாதிரின்னு ஷீட்ல எழுதினது நீயா?”

“அதை அப்புறம் பேசலாம்ணே.”

உளி மச்சான் அப்புறம் பேசுகிற ரகம் இல்லை. தம்பியின் சட்டையைப் பிடித்துக் கிடையாகத் தூக்கி, பலகை மாதிரி தோளில் வைத்துக்கொண்டு, எதிலாவது மோத இடம் தேடினார். பெயிண்ட் டப்பா கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரிக்காரர் அதிலிருந்து எழுந்து, ஓர் ஏணியில் ஏறி, அங்கிருந்து பார்க்கத் தொடங்கினார்.

வால்வு தனியாக நின்றது. மாப்பிள்ளை ஊர்ந்துபோய் அதை மூடினார். அதற்குள் கொதித்துப் போயிருந்த இரும்பு உள்ளங்கையில் பாதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. உலை அடங்கியது. கதவு அடங்கவில்லை. அதற்கு இப்போது உலை தேவைப்படவில்லை. சொந்தமாக எரிந்துகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து, தாழ்ப்பாள் போட்ட பின்கதவை உதைக்கும் சத்தம் கேட்டது. ஓர் உதை. செங்கல் அறையே குலுங்கியது. அடுத்த உதை, கொஞ்சம் குறைவாக. அடுத்தது, அதைவிடக் குறைவாக.

மாப்பிள்ளை மாமனார் முன்னால் போய் நின்றார்.

“சாவி.”

“கதவு போட்டவங்க நிக்கணும்,” என்றார் மாமனார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஆனால் வாய் பழகின தடத்திலேயே ஓடியது. “எங்கப்பா என்னை நிக்க வெச்சாரு. நான் நின்னேன்.”

“மாமா, சாவி.”

ஸ்கேல் மாப்பிள்ளையின் காதருகே விழுந்தது. மறுபடி தோளில். மறுபடி, எரிந்த உள்ளங்கையிலேயே. அவ்வளவு நேரமும் மாப்பிள்ளை இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவி எந்தப் பக்கம் என்று தெரிந்ததும், தலையைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, இத்தனை வருஷம் குனிந்தே பழகிய அந்தத் தலையால் மாமனாரின் நெற்றியில் ஒரே முட்டு முட்டினார். தேங்காய் உடைந்த மாதிரி சத்தம். யாருடைய தேங்காய் என்று உடனே தெரியவில்லை. மாமனார் நின்ற இடத்திலேயே மடிந்து உட்கார்ந்தபோது தெரிந்தது.

சண்டை போட்டுக்கொண்டிருந்த மச்சான்கள் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். தம்பி இன்னும் அண்ணனின் தோளில்தான் இருந்தார்.

“அப்பாவை அடிச்சிட்டான்,” என்றார் மேலே இருந்தவர்.

“பார்த்தேன்,” என்றார் கீழே இருந்தவர். குரலில் பொறாமை இருந்தது.

*

பூட்டைத் திறந்து தாழ்ப்பாளை இழுத்ததும் முதலில் புகை வந்தது. அடுத்து ஒரு நாற்காலி வந்தது. அது மாப்பிள்ளையின் நெஞ்சில் மோதி, அவரைத் தரையில் சாய்த்து, தன் காலை உடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பாப்பா வந்தாள்.

புருவம் இரண்டும் இல்லை. ஒரு பக்க முடி சுருண்டு கம்பிபோல இருந்தது. செருப்பில்லாத ஒரு காலை நொண்டிக்கொண்டு வந்தாள். வந்து, தரையில் கிடந்தவரைப் பார்த்தாள்.

“நாற்காலி உங்களுக்கு இல்லைங்க. தாழ்ப்பாள் போட்டவருக்கு.”

“பரவாயில்லை,” என்றார் மாப்பிள்ளை.

“கதவு என்னோடது இல்லை.”

“இல்லை. நான்தான் கலந்துட்டேன். உள்ளே என்னங்கிற கட்டத்தைப் பார்க்காம விட்டுட்டேன்.”

பாப்பா குனிந்து, வலது கையால், அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். லிஃப்ட் அறை இல்லை. அதில் கால்வாசிதான். பிறகு அதே கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். அந்தக் கணக்கு அத்தோடு தீர்ந்தது. அந்த வீட்டில் மன்னிப்பு அப்படித்தான் தருவார்கள்.

“நீங்க கலந்தீங்க. சரி. இது யாரு கலந்தது?”

அறைக்குள் கை காட்டினாள். எரிந்து தொங்கிய கதவின் அடியிலிருந்து வெள்ளி மாதிரி ஏதோ வழிந்து, தரையில் ஓடி, நாற்காலி இருந்த இடத்தைச் சுற்றி உறைந்து கிடந்தது. அவளுடைய ஒற்றைச் செருப்பு அதில் முழுகி, தொட்டிச் செடி மாதிரி நட்டு நின்றது.

“ஈயம்,” என்றார் உளி மச்சான். பட்டறைக்காரருக்குப் பார்த்ததும் தெரியும்.

“ஈயம்,” என்றாள் பாப்பா. “உருகி என் காலுக்கு வந்துச்சு. நாற்காலி மேல ஏறினேன். இல்லாட்டி கால் இருந்திருக்காது. கேட்டலாக்குல ஈயம் வெச்ச கதவு இருக்குதாங்க?”

“எத்தனையோ அசிங்கம் இருக்கு,” என்றார் மாப்பிள்ளை. “ஈயம் ஒண்ணுலயும் இல்லை.”

“அப்போ கதவு லேசா இருக்குன்னு யாருக்கோ முன்னாடியே தெரிஞ்சிருக்கு. கனமாக்கியிருக்காங்க. தெரிஞ்சே என்னை உள்ள விட்டிருக்காங்க.”

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி, தோளில் இருந்தபடியே, அண்ணனின் உச்சந்தலையைப் பார்த்தார். மாமனார் உட்கார்ந்தபடி ஆகாயத்தைப் பார்த்தார். அவருக்கு அப்போது அது இரண்டாகத் தெரிந்திருக்க வேண்டும்.

“நான் இல்லை,” என்றார் உளி மச்சான்.

“நானும் இல்லை,” என்றார் பஞ்சு மச்சான்.

பாப்பா ஸ்கேலைப் பொறுக்கி எடுத்து, முழங்காலில் வைத்து வளைத்து, வளையமாக்கித் தூரப் போட்டாள்.

“நாளைக்கு இன்னொரு கதவு எரியும். பின்னால நீங்க மூணு பேரும் நிக்கணும். எந்தக் கதவுன்னு இவர் மட்டும் முடிவு பண்ணுவாரு. ஏங்க, நீங்களே கேட்டலாக்குலேர்ந்து எடுத்து வைங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்கிட்டயும்.”

“ஷீட்ல என்ன இருக்குன்னு நான் பார்ப்பேனே,” என்றார் உளி மச்சான்.

“உள்ள அடைக்கிறதை நான் அடைச்சுக்கறேன்,” என்றார் மாப்பிள்ளை. தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. “நீங்க சட்டமும் தகடும் வெட்டிக் குடுங்க, மச்சான். போதும்.”

“ஈயம் வெச்சது நான்தான்னு ஒருத்தர் ஒத்துக்கிட்டா, மத்த ரெண்டு பேரும் நிக்க வேண்டாம்,” என்றாள் பாப்பா. “அவ்வளவுதான்.”

ஏணியிலிருந்து ஒரு குரல் வந்தது. “நாளைக்கு எத்தனை மணிக்கு? நான் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வரலாமா?”

*

சாயங்காலம் மாடியில் மாப்பிள்ளை தனியாக இருந்தார். ஒரு கண்ணில் ஈரத்துணி. ஒரு கையில் கட்டு. புதுக் கீபோர்டில் ஒற்றை விரலால் தட்டி, கலந்துபோன இரண்டு கதவையும் மறுபடி பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்ததும் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வந்து நின்றன. ஒன்றின் உள்ளே கனிமப் பலகை. மற்றதன் உள்ளே அட்டை.

படிக்கட்டில் மெதுவான காலடி. மச்சான்களில் ஒருவர் என்று நினைத்துப் பேப்பர்வெயிட்டை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். வந்தது மாமனார். நெற்றியில் கோழிமுட்டை அளவு வீக்கம். எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மாப்பிள்ளைக்கு எதிரே அவர் உட்கார்ந்ததே இல்லை. நின்றால்தான் கை வீச வசதி.

“நல்லா முட்டினீங்க, மாப்பிள்ளை.”

“மன்னிச்சிடுங்க மாமா.”

“இல்ல, நல்லாவே முட்டினீங்க.” திரையை எட்டிப் பார்த்தார். “எந்தக் கதவு?”

“சொல்லக் கூடாது.”

“காலைல பாப்பா கதவைத் தூக்கிப் பார்த்தேன். லேசா இருந்துச்சு. அந்த ஆளு கார் வாசல்ல வந்து நின்னுருச்சு. அவன் முன்னாடி கதவைக் கழட்டி, தப்புக் கதவுன்னு சொன்னா, இத்தனை வருஷப் பேரு என்ன ஆகறது? மேல ஒரு துளை போட்டேன். மீன் வலைக்குக் கட்டற ஈயக் குண்டு ஒரு பை கிடந்துச்சு. கொட்டி அடைச்சேன்.”

மாப்பிள்ளை ஈரத்துணியை எடுத்தார். மூடிய கண்ணும் திறக்கப் பார்த்தது.

“அட்டைன்னாலும் கொஞ்ச நேரம் தாங்கும். அதுக்குள்ள அவன் கையெழுத்துப் போட்டுருவான். அவ என் பொண்ணு. சூடு தெரிஞ்சா உதைச்சுக்கிட்டு வெளிய வந்துருவான்னு நெனச்சேன்.”

“தாழ்ப்பாள் போட்டது நீங்கதானே மாமா.”

மாமனார், விரல் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“இதை அவகிட்ட சொல்லிட்டா, பசங்க நிக்க வேண்டாம். இல்லையா?”

“நீங்களே சொல்லிடுங்க. கீழதான் இருக்கா.”

“அடிப்பாளே.”

“அடிப்பா.”

“அடிச்சா பரவாயில்லை. பார்ப்பாளே மாப்பிள்ளை. என் மூஞ்சியைப் பார்ப்பாளே.”

மாமனார் எழுந்தார். ஸ்டூலை ஒழுங்காக இருந்த இடத்தில் வைத்தார்.

“அப்போ நான் நிக்கறேன். பசங்களையும் கூட்டிக்கிட்டு நிக்கறேன். நீங்க எதை வேணா போடுங்க.”

இறங்கிப் போய்விட்டார்.

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார். ஒரே உயரம். ஒரே அகலம். மேல் வரி ஒன்று, கீழ் வரி ஒன்று. காலையில் செங்கல் அறைக்குள்ளிருந்து கேட்ட உதைகள், ஒன்றைவிட ஒன்று குறைந்துகொண்டே வந்தது, அவர் காதுக்குள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. மவுஸ் அம்பு இரண்டு வரிகளுக்கும் நடுவில் போய் நின்றது. அங்கேயே நின்றது.

கீழே ரம்பம் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு மேலே உளி மச்சானின் குரல் கேட்டது.

“மாப்பிள்ளே, ஷீட் எங்க? வெளிச்சம் போறதுக்குள்ள வெட்டணும்.”